ஆறரை மணிக்கு வாசலில் ஊதியவள்

அன்புள்ள அத்தைக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் உயிரோடிருந்து யாராவது இதைப் படித்துக் காட்டியிருந்தால், "இன்னாடி அன்பு, புதுசா?" என்று கேட்டுவிட்டு, விரலில் ஒட்டிய மூக்குப்பொடியை உதறிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பீர்கள். இருக்கட்டும். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

முந்தாநாள் உங்களுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. மாமியாரைப் பற்றி நம் மாதா கோயில் பத்திரிகைக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். "சவரியம்மாள் பொறுமையின் உருவம்" என்கிற மாதிரி வேண்டுமாம். பொறுமையா? நீங்களா? லிங்கராஜபுரத்தில் நம் சந்துக்குள் வந்த காய்கறி வண்டிக்காரன் ஒருத்தனாவது உங்களிடம் திட்டு வாங்காமல் போயிருக்கிறானா? அந்தப் பொய் எனக்கு எழுத வராது. இதைத்தான் கொடுக்கப் போகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போடட்டும்.

நான் தங்கவயலில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். உங்களுக்குக் கைநாட்டு. உங்கள் பேத்தி ஷீலா கன்னடமும் இங்கிலீஷும் படித்து வளர்ந்தவள். தமிழில் வாய் கிழியப் பேசுவாள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. ஆக, நம் வீட்டில் இதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்தத் தைரியத்தில்தான் ஆரம்பித்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. ஷீலா செகண்ட் பி.யு.சி. பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். உங்கள் கட்டிலில் இப்போது அவள்தான் படுக்கிறாள். குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். எதிர்வீட்டு ரோஸி அப்படியேதான் இருக்கிறாள், வாயும் அப்படியே. பாட்டில் குடோனில் பதினோரு பெண்களுக்கு இப்போது நான் மேஸ்திரி. நீங்கள் படுக்கையில் விழுந்த வாரம்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். சொன்னபோது, "குடிகாரி மேஸ்திரி" என்று மட்டும் சொன்னீர்கள். அது திட்டா, சிரிப்பா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் மகன் பாக்கெட் சாராயத்தை வீட்டில் பதுக்கி வைத்து, கடை மூடிய நேரங்களில் விற்பார். விற்றுக் கொடுத்தவள் நான். பல்வலி என்று ஒரு நாள் வாய் கொப்பளித்தேன். அடுத்த நாள் விழுங்கினேன். ஒரு வருஷத்தில் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஒரு பாக்கெட்டின் மூலையைக் கடித்துக் கிழிக்கிற ஜென்மமாகிவிட்டேன். உங்கள் மகன் வேறொருத்தியோடு ஓசூருக்குப் போய்விட்டார். நான் சேலையில் ஒன்றுக்குப் போனதுகூடத் தெரியாமல் சந்தில் விழுந்து கிடந்தேன். "எந்திரிடி" என்று உங்கள் கால் என் விலாவில் பட்டது ஞாபகம் இருக்கிறது. "ஏய் கெழவி" என்று நான் கத்தியதும் ஞாபகம் இருக்கிறது. சீ!

வேலை செய்த வீட்டில் வீட்டுக்கார அம்மாவின் செயினை எடுத்தேன். அவர்கள் பார்த்துவிட்டு மறித்தார்கள். படிக்கட்டில் தள்ளினேன். இடுப்பெலும்பு உடைந்தது. அந்த அம்மாவின் வீட்டில்தான் நான் மூன்று வருஷம் காபி குடித்தேன், பண்டிகைக்குப் புடவை வாங்கினேன். குடித்திருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. தள்ளிய கை இதுதான், இப்போது எழுதுகிற கை. இரண்டரை வருஷம் ஜெயில்.

வெளியே வந்து நம் வாசலில் நின்ற அன்று ஷீலாவுக்கு எட்டு வயசு. உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று யாரோ பிச்சைக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நில்லு. உள்ள காலு வெச்சே, ஒடச்சிடுவேன்" என்றீர்கள்.

"நான் எங்க போவேன், அத்தை?"

"எங்கியோ போய்த் தொல. புள்ள மூஞ்ச பாக்கணும்னா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வேலைக்குப் போ. தெனம் சாயந்திரம் ஆறரைக்கு இந்த வாசல்ல வந்து நின்னு என் மூஞ்சில ஊது. ஒரே ஒரு நாளு வாசனை வந்துச்சி, இவள இட்டுக்கினு சந்தாபுராவுல மேரி ஊட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ எம்மா அழுதாலும் இவ உனக்குக் கெடைக்க மாட்டா."

மேரி உங்கள் மகள், என் நாத்தனார். சொன்னால் செய்கிறவர் நீங்கள் என்று எனக்குத் தெரியும். ஊதினேன். ஜெயில் சோற்று வாசனைதான் வந்திருக்கும். "சரி, உள்ள போ" என்றீர்கள். அன்றிலிருந்து ஒன்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

அந்த ஊதல் எனக்கு எவ்வளவு அருவருப்பு என்று உங்களுக்குத் தெரியுமா அத்தை? உங்கள் மூக்கு என் வாய்க்கு ஒரு விரல் தள்ளி நிற்கும். நாற்பது வருஷம் பொடி போட்ட மூக்கு. ஓரத்தில் பழுப்பாய்க் கோடு ஒழுகியிருக்கும். முந்தானையால் துடைப்பீர்கள், அதே முந்தானையால் ஷீலாவின் வாயையும் துடைப்பீர்கள். எனக்குக் குமட்டும். ஆனால் குமட்டுகிறது என்று சொல்ல நான் யார்?

வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டீர்கள். யார் கொடுத்தார்கள்? வீட்டு வேலைக்குப் போன இடமெல்லாம் எனக்கு முன்னால் என் கேஸ் போய்ச் சேர்ந்திருந்தது. கார்மெண்ட்ஸில் ஒரு மேடம், "எரடு வர்ஷ எல்லித்தே?" என்று கன்னடத்தில் கேட்டாள், இரண்டு வருஷம் எங்கே இருந்தாய் என்று. ஊரில் இருந்தேன் என்று பொய் சொன்னேன். ஒன்பது நாள் நூல் வெட்டினேன். பத்தாம் நாள் கேட்டில் என்னை உள்ளே விடவில்லை. நான் கீழே வைத்த டிபன் பாக்ஸைக்கூடக் கையால் தொடாமல் காலால் வெளியே தள்ளினான் அந்த வாட்ச்மேன். த்தூ! அவனும் சாயந்திரமானால் குடிக்கிறவன்தான். வாசனை எனக்குத் தெரியாதா?

கடைசியில் கிடைத்தது பாட்டில் குடோன். பார்களிலிருந்து காலி பாட்டில்கள் மூட்டை மூட்டையாக வரும். பிராந்தி, ரம், பீர். காஸ்டிக் சோடா போட்ட கொதிநீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, லேபிளைச் சுரண்டி, பிரஷ் விட்டுக் கழுவி, திரும்பக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். இந்த முறை உண்மையைச் சொன்னேன். மேஸ்திரி முனிராஜு சிரித்தான்.

"ஜெயிலா? பரவால்ல வுடும்மா, இங்க இன்னா சாமியாரா கேக்குறோம்? குடிச்சவ தானே நீ? அப்ப மூக்கு நல்லா வேல செய்யும். மோக்குற எடத்துல உக்காரு."

மோக்குற இடம் என்றால் இதுதான். ஜனங்கள் காலி பிராந்தி பாட்டிலில் என்னென்னவோ ஊற்றி வைப்பார்கள். மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட். சில பாட்டிலில் மூத்திரம்கூட இருக்கும். மண்ணெண்ணெய் பாட்டில் ஒன்று தொட்டிக்குள் போய்விட்டால் தொட்டித் தண்ணீர் மொத்தமும் கெட்டுவிடும். அதனால் ஊறப்போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டில் வாயையும் ஒருத்தி மோந்து பார்த்துப் பிரிக்க வேண்டும். அந்த ஒருத்தி நான். குடியிலிருந்து மீண்டு வந்தவளுக்கு இந்த ஊர் கொடுத்த வேலையைப் பார்த்தீர்களா? காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் பாட்டில் வாயை மோக்க வேண்டும். ஆறரைக்கு என் வாயை நீங்கள் மோப்பீர்கள்.

முதல் வாரம் ஒவ்வொரு பாட்டிலையும் தேவைக்கு மேல் நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். எச்சில் ஊறியது, சொல்ல வெட்கமில்லை. அப்புறம் அந்த நாற்றமே என் எதிரியாகிவிட்டது. புளித்த பீர், சிகரெட் துண்டு மிதக்கிற ரம், யாரோ வெற்றிலை துப்பிய பிராந்தி. அதோடு அங்கே ஒரு பழக்கம் இருந்தது. அடியில் நிற்கிற சொட்டு சொட்டையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் மக்கில் வடிப்பார்கள். எல்லாச் சரக்கும் ஒன்றாகக் கலந்து, எறும்பு செத்து மிதந்து, சாயந்திரத்துக்குள் முக்கால் மக் சேரும். அதற்குப் பெயரே "சொட்டு". முறை போட்டுக் குடிப்பார்கள். "ஸ்டெல்லா, உனுக்கு ஒரு வாய்?" என்று தினமும் கேட்பார்கள். "உங்க சொட்டுல மண்ணு வுழ" என்று தினமும் திட்டுவேன்.

ஆனால் சேலை நாறியது, தலைமுடி நாறியது. குளித்தாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். ரோஸி ஒருநாள் குழாயடியில் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "மறுபடியும் ஆரம்பிச்சிட்டா பாரு. சந்தே நாறுது."

நீங்கள் வெளியே வந்தீர்கள். இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

"அடியே ரோஸி, தெனமும் இவ வாய நான் மோந்து பாக்குறேன். குடிக்கல. என் மூக்கு பொய் சொல்லாது. எவளுக்காச்சும் சந்தேகம்னா வந்து மோந்து பாருங்கடி. வர்றியா? வா!"

ஒருத்தியும் வரவில்லை. எனக்காக நீங்கள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். உள்ளே வந்ததும், "போய்க் குளிடி, நாத்தம் புடிச்சவளே" என்று நீங்களே திட்டினீர்கள். அன்றிலிருந்து சந்து முழுக்க உங்கள் மூக்குக்கு ஒரு பேர். குடோனில் நானே பெருமையாகச் சொல்வேன், எங்கள் அத்தை மூக்கு போலீஸ் நாய் மூக்கு என்று.

இப்போது யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன்.

இரண்டாம் வருஷம், ஷீலாவின் ஸ்கூலில் பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்து, உங்கள் நல்ல புடவையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். ஷீலா என்னைப் பார்க்காமல் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ வராதம்மா. வாசனை வருது. பாட்டி வரட்டும்."

புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க ஒன்றையே நினைத்தேன். குடிக்காமல் நாறுகிறேன். குடித்தாலும் இதே நாற்றம்தான். அப்புறம் எதுக்கு இந்த எழவு? சாயந்திரம் மக் சுற்றி வந்தது. வாங்கினேன். ஒரு மடக்கு இல்லை அத்தை. மக்கில் இருந்த அத்தனையும் குடித்தேன். எறும்பு நாக்கில் ஒட்டியது. அதையும் விழுங்கினேன். அதைவிடக் கேவலமாக நான் எதையும் வாயில் வைத்ததில்லை. வயிற்றுக்குள் போனதும், ஐயோ, எவ்வளவு சுகமாக இருந்தது! அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாத அருவருப்பு.

ஆறரைக்கு வாசலில் நின்றேன். முடிந்தது, இன்றைக்கே ஷீலாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள் என்று தெரியும். ஓடிவிடலாமா என்றும் பார்த்தேன். "ஊது" என்றீர்கள். ஊதினேன். நீங்கள் என் கண்ணையே பார்த்தீர்கள். மற்ற நாளைவிட அதிக நேரம் பார்த்தீர்கள்.

"சரி, உள்ள போ."

நான் அப்படியே நின்றேன். "போடீன்றேன்" என்று முதுகில் ஒரு அடி வைத்தீர்கள். உள்ளே போய்ப் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கிழவிக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் நொண்டிக்கொண்டே பஸ் ஏறி குடோன் கேட் வரைக்கும் என்கூட வந்தீர்கள், பொடி வாங்க வேண்டும் என்று சொல்லி. பொடிக் கடை நம் சந்து முனையில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் வந்தோம்.

அன்றைக்கு அப்புறம் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. குடிக்கத் தோன்றும்போதெல்லாம், நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த அந்த ஒரு நாளை நினைப்பேன். மறுபடியும் உங்களை அப்படிப் பார்க்க வைக்கக் கூடாது என்று நினைப்பேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வருஷம் ஓடியது.

முந்தாநாள் பூசை முடிந்து நானும் மேரியும் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். காலிப் பொடி டப்பா மட்டும் பத்துப் பன்னிரண்டு இருந்தது. "இவ்ளோ பொடி போட்டும் அந்த மூக்கு எப்பிடித்தான் மோந்துச்சோ" என்றேன். மேரி என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"எந்த மூக்கு, அண்ணி? அம்மாவுக்கு வாசனையே தெரியாதே. நீங்க உள்ள இருந்தப்ப வெஷக் காய்ச்சல் வந்து ஒரு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தாங்க இல்ல? அப்பவே போச்சி. டாக்டரே கைய விரிச்சிட்டாரு. ஸ்டெல்லாகிட்ட மட்டும் சொல்லிடாதன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கினாங்க."

டப்பா என் கையிலிருந்து விழுந்தது. எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உங்கள் கட்டிலுக்கு அடியில் எலி செத்து நாறியபோது மூன்று நாள் அதன்மேலேயே படுத்திருந்தீர்கள். நான் வந்து எடுக்கட்டும் என்று வீம்புக்குக் கிடக்கிறீர்கள் என்று நினைத்தேன். பால் தீய்ந்து வீடே புகைந்தபோது பக்கத்திலேயே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். என்மேல் இருக்கிற கடுப்பில் அடுப்பை அணைக்கவில்லை என்று நினைத்தேன். எதைச் செய்தாலும் என்னை வதைக்கத்தான் செய்கிறீர்கள் என்று நினைத்தே ஒன்பது வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

மேரி சொன்னதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நன்றி இல்லை. அழுகை இல்லை. "அடச்சே, ஒன்பது வருஷம்! தெனமும் குடிச்சிருக்கலாமே!" என்றுதான் தோன்றியது. உங்கள் பெட்டிக்கு முன்னால், உங்கள் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, அதுதான் தோன்றியது. இந்தப் புத்தியை எந்த சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுவது?

நேற்று குடோனுக்குப் போனேன். மேஸ்திரியானதும் சொட்டு வடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அப்படியும் தொட்டிக்குப் பின்னால் ஒரு மக்கை ஒளித்து வைத்திருந்தார்கள். பாதி நிறைந்திருந்தது. சாப்பாட்டு நேரம், அக்கம்பக்கம் யாரும் இல்லை. எடுத்தேன். இனிமேல் எவள் மோக்கப் போகிறாள்? வாய்வரைக்கும் கொண்டுபோனேன்.

குமட்டியது. மக்கைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை அத்தை. என் மூக்கு என்னைக் காப்பாற்றியது, அவ்வளவுதான். நாளைக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் என்ன செய்வேன்?

அன்றைக்கு எதைப் பார்த்து "சரி" என்றீர்கள்? உங்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா? தெரியாது என்றால் ஏன் கேட் வரைக்கும் வந்தீர்கள்? தெரிந்தது என்றால், என் கண்ணில் என்ன இருந்தது? ரோஸியிடம் "என் மூக்கு பொய் சொல்லாது" என்று சத்தியம் செய்கிற மாதிரி சொன்னீர்களே, அதைப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடமாவது சொன்னீர்களா? இதற்கெல்லாம் இனிமேல் யாரிடம் போய்ப் பதில் கேட்பது?

ஒன்று மட்டும் புரிகிறது. அந்த ஒரு நாள் நம் இரண்டு பேருக்குத் தெரியும் என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன். உங்களுக்கும் தெரியவில்லை என்றால் உலகத்தில் யாருக்குமே தெரியாது. முந்தாநாள் கோயில் வாசலில் ஷீலா ஃபாதரிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்கம்மா திரும்பி வந்த நாள்லருந்து ஒரு சொட்டு தொட்டதில்ல, ஃபாதர். பாட்டி தெனம் மோந்து பாத்தாங்க." எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்! ஒரு காலத்தில் நாறுகிறாய், வராதே என்ற பெண். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவளுக்கு இதைப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் ஆரம்பித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது கோழைத்தனம். பாட்டிலில் பிராந்தி லேபிள் ஒட்டி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறவர்களைத் தினமும் திட்டுகிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு?

அதனால் ஒரு வாக்கு கொடுக்கிறேன். கோயிலுக்குக் கொடுப்பதற்கு முன்னால், இன்றைக்கு ஆறரைக்கு வீட்டுக்குப் போய் ஷீலாவைக் கூப்பிட்டு இந்தக் கடிதத்தை "அன்புள்ள" என்பதிலிருந்து வரிவரியாகப் படித்துக் காட்டுவேன். மக்கைக் குடித்த பத்தியைத் தாண்ட மாட்டேன், எறும்பையும் விடமாட்டேன். நேற்று வாய்வரைக்கும் கொண்டுபோனதையும் சேர்த்தே படிப்பேன். அவளுக்கு அருவருப்பு வந்தால் வரட்டும். உங்கள் பேத்திதானே, வரத்தான் செய்யும்.

உள்ளே உட்கார்ந்து படிக்க மாட்டேன், அத்தை. வாசலுக்கு வெளியே நின்றுதான் படிப்பேன். படித்து முடித்துவிட்டு, "சரி, உள்ள வா" என்று அவள் சொல்கிறவரைக்கும் அங்கேயே நிற்பேன்.

இப்படிக்கு,
இன்னும் வாசலில் நிற்கிற உங்கள் மருமகள்
ஸ்டெல்லா